கட்டிப் பார்க்கும் உரிமை

குழந்தைகள் கட்டி விளையாடும் பொருட்களின் வரலாற்றைப் பெரும்பாலும் தொழிற்சாலைகளின் வரலாறாகவே படித்துப் பழகியிருக்கிறோம். ஜெர்மனியில் மரக்கட்டை வந்தது, லிவர்பூலில் துளையிட்ட தகரப் பட்டை வந்தது, டென்மார்க்கில் பிளாஸ்டிக் செங்கல் வந்தது என்று அந்தக் கதை காப்புரிமைக்குக் காப்புரிமை தாவிச் செல்லும். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தயைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் நின்று இதே வரலாற்றைப் பார்த்தால் வேறு கேள்விகள் முன்னால் வந்து நிற்கின்றன. பிள்ளை எங்கே உட்கார்ந்து கட்டியது? எவ்வளவு நேரம் அதற்குக் கிடைத்தது? கட்டியதைக் கலைக்காமல் விட்டது யார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடும்போது, கட்டுமான விளையாட்டின் வரலாறு என்பது பிள்ளைக்கு இடமும் நேரமும் விடுதலையும் யார் கொடுத்தார்கள், யார் மறுத்தார்கள் என்பதன் வரலாறாகவே தெரிகிறது. பொருளுக்கு அதில் இரண்டாம் இடம்தான். ஊவாவின் தோட்டப் பிள்ளைகளின் நூற்றைம்பது ஆண்டு வாழ்க்கை இதற்கு வலுவான சான்று என்பது என் வாதம்.

தமிழில் இந்த விளையாட்டுக்கு மிகப் பழைய சாட்சிகள் உண்டு. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் ஒரு பெண் தன் தோழியிடம் பழைய நாள் ஒன்றை நினைவுகூர்கிறாள். தெருவில் தாங்கள் மணலில் கட்டிய சிற்றிலைக் காலால் சிதைத்தவன்தான் அவள் பேச்சின் நாயகன். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் முறையிடுவதற்கே ஒதுக்கியிருக்கிறாள். பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிற்றில் சிதைத்தலைத் தனிப் பருவமாகவே வைத்துக்கொண்டது. பட்டினப்பாலையில் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டும் பிள்ளைகள் வருகிறார்கள். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, விலை கொடுத்து வாங்காத மணலை வைத்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தான் நினைத்த வடிவில் வீடு கட்டுவது நம் மண்ணில் இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். இரண்டாவது, சிற்றிலைப் பேசும் அந்தப் பாடல்கள் மணலைப் பற்றிக் கவலைப்படவில்லை. கட்டியது நிலைக்குமா, வலிமையுள்ளவன் வந்து மிதிப்பானா என்பதைப் பற்றியே கவலைப்படுகின்றன. கட்டுபவர்கள் பெண் பிள்ளைகள், கலைப்பவன் ஆண் என்பதும் அங்கே பதிவாகியிருக்கிறது. பொருள் எளிதில் கிடைத்தும் உரிமை எளிதில் கிடைக்கவில்லை என்ற இந்தச் செய்தி, தொழிற்சாலைப் பொம்மைகளின் காலத்திலும் மாறவில்லை.

பிரீட்ரிக் ஃபுரோபெல் 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். 1840இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன், அதாவது பிள்ளைகளின் தோட்டம், என்று பெயர் வைத்தார். அவர் வரிசைப்படுத்திய விளையாட்டுப் பொருட்களில் மூன்றாவது, இரண்டு அங்குல மரக் கனசதுரம் ஒன்றை எட்டுத் துண்டாக அறுத்து வைத்த பெட்டி. பிள்ளை அதைப் பிரிக்கலாம், அடுக்கலாம், மறுபடி ஒன்றாக்கலாம். முழுமையைப் பகுதிகளாகப் பார்ப்பதும் பகுதிகளிலிருந்து புதிய முழுமையை உண்டாக்குவதும் அந்த எட்டுக் கட்டைக்குள்ளேயே அடங்கிவிட்டன. இத்தனை எளிய முயற்சியையும் பிரஷ்ய அரசு 1851இல் தடைசெய்தது. தடை நீங்க 1860 ஆயிற்று. பிறகு லிவர்பூலில் ஃபிராங்க் ஹோர்ன்பி 1901இல் துளையிட்ட உலோகப் பட்டைகளுக்குக் காப்புரிமை பெற்றார். மெக்கானோ என்ற பெயர் 1907இல் பதிவாயிற்று. பிரிட்டனில் ஹிலரி பேஜ் என்பவரின் கிடிகிராஃப்ட் நிறுவனம் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் பிளாஸ்டிக் செங்கல்களை 1940களில் விற்றது. டென்மார்க்கின் பில்லுண்டில் தச்சராக இருந்த ஓலே கிர்க் கிறிஸ்டியன்சனின் லெகோ நிறுவனம் அதைப் பார்த்து 1949இல் தன் செங்கல்களை வெளியிட்டது. அந்த முதல் செங்கல்கள் அடியில் வெறும் குழிவாக இருந்தன; அடுக்கியவை எளிதில் கழன்று விழுந்தன. 1958 ஜனவரி 28இல் பதிவுசெய்த காப்புரிமையில்தான் உள்ளே குழாய்கள் வந்தன. மேலேயுள்ள குமிழ் கீழ்க்குழாய்க்கும் சுவருக்கும் நடுவே இறுகிக்கொள்ளும். குழந்தை விரலால் இழுத்தால் விட்டுக்கொடுக்கும். இறுகவும் வேண்டும், விடவும் வேண்டும் என்ற அந்த நுட்பம்தான் லெகோவை உலகெங்கும் கொண்டுபோனது. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறச் செங்கல் ஆறு இருந்தால் 91 கோடிக்கும் அதிகமான வழிகளில் அவற்றை இணைக்கலாம் என்பது கணித உண்மை.

அதே காலக்கோட்டை ஊவா மலையில் வைத்துப் பார்ப்போம். பேரகலச் சந்தியிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் நெடுஞ்சாலையில், 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சிக்குச் சற்று முன்னால் இருக்கிறது கொஸ்லந்த. மேலே அப்புத்தளை, பூனாகலை, தம்பேதென்ன. கோப்பிச் செடியைக் கொன்ற இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாக 1869இல் இதே ஊவாவின் மடுல்சீமையில் கண்டறியப்பட்டது. கோப்பி அழிந்த மலைகளில் தேயிலை ஏறியது. தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கிய தோட்டங்கள் இங்கேதான் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட லயங்கள் பத்தடிக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்களும் முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பும் கொண்டவை. சமையல், படுக்கை, பிரசவம், நோய், விருந்து எல்லாம் அந்த ஓர் அறைக்குள். வாசலைத் தாண்டினால் கான், கானைத் தாண்டினால் தேயிலை. தேயிலை தோட்டத்துக்குச் சொந்தம், வாசலும் தோட்டத்துக்குச் சொந்தம். ஃபுரோபெலின் பிள்ளைகளுக்குத் தோட்டம் என்பது வளரும் இடமாக இருந்தபோது, நம் பிள்ளைகளுக்குத் தோட்டம் என்பது தொட்டால் அதட்டு விழும் இடமாக இருந்தது. மெக்கானோ பெயர் பதிவான அதே 1907இல் இலங்கையில் வந்த கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பும் அதற்கு ஓர் அறையும் கொடுப்பது தோட்டத் துரையின் கடமை என்றது. பத்து வயதோடு அந்தக் கடமை முடிந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் நிர்ணயிக்கப்பட்ட கூலிகளில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, சிறுவருக்கு ஒன்று என மூன்று விகிதங்கள் இருந்தன. கூலிப் பட்டியலில் தனி வரி வைத்து எழுதுமளவுக்குப் பிள்ளையின் நேரம் விலைபோயிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டியதில்லை.

அத்தனைக்கும் நடுவில் பிள்ளைகள் கட்டினார்கள். பால்மா டின்னின் இரு பக்கமும் ஆணியால் துளையிட்டு, குச்சி செருகி, தேய்ந்த றப்பர் செருப்பின் அடியை வட்டமாக வெட்டிச் சக்கரமாகக் கோத்தால் வண்டி தயார். கயிறு கட்டினால் இழுக்கலாம், பிளவுபட்ட நீளத் தடியைச் செருகினால் தள்ளலாம். டின்னின் ஒரு பக்கத்தை வெட்டி மேலே திருப்பினால் அது கொழுந்து ஏற்றும் லொறி. அப்படியே கவிழ்த்தால் பதுளை பஸ். சக்கரம் ஓடாமல் சிக்கினால் துளையைப் பெரிதாக்க வேண்டும், வண்டி ஒருபக்கம் இழுத்தால் குச்சியை நேராக்க வேண்டும். இதையெல்லாம் பிள்ளை தானே கண்டுபிடித்துத் தானே திருத்திக்கொள்ளும். உதிர்ந்த யூக்கலிப்டஸ் காய்கள், சேற்று மண், சல்லிக்கற்கள், மூங்கில் கணு எல்லாமே பகுதிகளாயின. இவற்றோடு தேயிலைப் பெட்டியையும் சேர்க்க வேண்டும். 1990களில் தடித்த கடதாசிப் பைகள் அதன் இடத்தைப் பிடிக்கும் வரை, தொழிற்சாலையிலிருந்து தேயிலை ஒட்டுப்பலகைப் பெட்டியில்தான் கொழும்புக்குப் போனது. அந்தப் பலகை ஒரு காலத்தில் எஸ்தோனியாவின் தாலின் நகரிலிருந்து லண்டன் வழியாக வந்தது. பின்னாளில் காலிக்கு அருகே கிந்தோட்டையிலும் செய்யப்பட்டது. 1907இல் அண்டார்டிகா போன ஷாகில்டனின் குழுவினர் அதே வகைப் பெட்டிகளைப் பிரித்துத் தங்கள் குடிசைக்கு மேசையும் தட்டும் செய்துகொண்டார்கள். லயத்தில் உடைந்த பெட்டியின் பலகை பாத்திரத் தட்டாகும், கதவின் ஓட்டையை மூடும். மிஞ்சிய துண்டு பிள்ளை கையில் வீடாகும். உலக வாணிபத்தின் எச்சம் ஒன்று, அது ஏற்றிச் சென்ற பண்டத்தைப் பறித்தவர்களின் பிள்ளைகளுக்குக் கட்டுமானப் பொருளாயிற்று.

இங்கே ஒரு மறுப்பு எழும். பிள்ளைகள் எப்படியும் விளையாடத்தானே செய்தார்கள், கடையில் வாங்கிய பொம்மையைவிடச் செழுமையாகவே விளையாடினார்களே, பிறகு எதற்குக் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். பிரிட்டிஷ் சிற்பியும் வடிவமைப்பு ஆசிரியருமான சைமன் நிக்கல்சன் 1971இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் இந்த மறுப்புக்குத் துணை நிற்பதுபோல் தோன்றும்: சூழலில் நகர்த்தவும் சேர்க்கவும் கூடிய தளர்ந்த பகுதிகள் எவ்வளவு உண்டோ அவ்வளவுக்குப் புனைவும் கண்டுபிடிப்பும் பெருகும் என்பது அவர் கருத்து. தோட்டத்தில் அப்படிப்பட்ட பகுதிகளுக்குக் குறைவில்லை. ஆனால் வறுமையைப் படைப்பூக்கத்தின் பள்ளியாக வருணிப்பது நியாயமற்றது. டின் வண்டியைச் செய்தவன் யார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆண் பிள்ளை. அதே வயது அக்கா, அம்மா மலைக்குப் போன நேரத்தில், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்கும் அடுப்புக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் அதே மண், அதே டின், அதே பலகை எட்டிய தூரத்தில் இருந்தன. அவளிடம் இல்லாதவை இரண்டு கைகளும் ஒரு மணி நேரமும். பகுதிகள் இருந்தால் போதும் என்றால் அவளும் கட்டியிருப்பாள். டென்மார்க்கின் அனுபவமும் இதையே காட்டுகிறது. சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளர், தான் அமைத்த அழகான விளையாட்டிடங்களைவிடக் கட்டட வேலை நடக்கும் இடங்களில்தான் பிள்ளைகள் மனமொன்றி விளையாடுவதைக் கவனித்தார். 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவில், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் பழைய பலகையும் செங்கல்லும் குவித்த ஒரு மைதானம் அவர் யோசனைப்படி திறக்கப்பட்டது. அங்கே புதிதாக வந்தது பழைய பலகை அல்ல. அது ஊரெங்கும் கிடந்தது. வேலியிட்ட நிலம், வரையறுத்த நேரம், தலையிடாமல் உடனிருக்கும் ஒரு பெரியவர் ஆகிய மூன்றும்தான் புதியவை.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். மண்ணும் டின்னும் எங்கே, அச்சில் வார்த்த செங்கல் எங்கே; அளவு ஒத்த துண்டுகள் கற்பிக்கும் கணக்கை, பொறியியலை மண் கற்பிக்குமா என்று கேட்கலாம். இதில் உண்மை இருக்கிறது. ஒரே அளவான பகுதிகள் பிள்ளையை எண்ண வைக்கின்றன. சமன் பார்க்க வைக்கின்றன. நேற்றுக் கட்டியதை இன்று அப்படியே மீண்டும் கட்டவும் ஓரிடத்தில் மட்டும் மாற்றிப் பார்க்கவும் இடம் தருகின்றன. ஆனால் அந்தத் துல்லியத்துக்குத் தொழிற்சாலை கட்டாயமில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத்தில் 1978இல் கிராமப் பள்ளி அறிவியல் திட்டத்தில் சேர்ந்து உழைத்த அரவிந்த் குப்தா, கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர். வாரச் சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூப்பையும் தீக்குச்சியையும் கொண்டு அவர் ஒரு கட்டுமானத் தொகுதியையே உருவாக்கினார். டியூப்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி இரு முனையிலும் குச்சி செருகினால் வளையும் மூட்டு கிடைக்கும். நடுவில் முள்ளால் துளையிட்டு மூன்றாவது குச்சியையும் ஏற்றலாம். மூன்று குச்சியால் செய்த முக்கோணத்தை எப்படி அழுத்தினாலும் வடிவம் மாறாது. நான்கு குச்சியால் செய்த சதுரம் விரல் பட்டதும் சாய்ந்துவிடும். குறுக்கே சற்று நீளமான குச்சி ஒன்றைக் கட்டியதும் அதுவும் நிமிர்ந்து நிற்கும். பாலத்திலும் கூரையிலும் ஏன் முக்கோணம் இருக்கிறது என்பதைப் பிள்ளை விரலால் தெரிந்துகொள்கிறது. அவருடைய கையேடுகள் தமிழிலும் வந்துள்ளன. மறுபக்கத்தில், அச்சு வார்த்த செங்கல் மட்டுமே திறந்த விளையாட்டுக்கு உத்தரவாதம் தருவதுமில்லை. லெகோ பெட்டியில் 1964இலிருந்து கட்டும் முறைக் குறிப்புத்தாள் வரத் தொடங்கியது. காலப்போக்கில் ஒரே ஒரு கப்பலையோ கோட்டையையோ கட்டி முடிப்பதற்கான தொகுதிகள் பெருகின. பேஜ் மொரோ, மாரிட் எங்கெசெட் என்ற இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பைப் பின்பற்றிக் கட்டியவர்கள் அடுத்து வந்த கற்பனைப் பணியில், தம் மனம்போலக் கட்டியவர்களைவிடப் பின்தங்கினார்கள். அதே செங்கல், அதே கை. மாறியது கிடைத்த விடுதலை மட்டும்.

தோட்டத்தில் இந்த விடுதலை கிடைத்திருக்கக்கூடிய இடம் ஒன்று இருந்தது. பிள்ளைக்காம்பரா என்றும் பிள்ளை மடுவம் என்றும் மக்கள் சொல்லும் அந்த அறைதான் அது. தாய் காலைப் பிரட்டுக்குப் போகுமுன் குழந்தையை அங்கே ஆயம்மாவிடம் ஒப்படைப்பாள். பாலூட்ட இடையில் ஓடி வருவாள். கொழுந்து நிறுத்த பிறகு மீண்டும் தூக்கிக்கொள்வாள். அந்த அறை குழந்தைக்காக எழவில்லை. கொழுந்து பறிக்கும் கை இரண்டும் மலையில் இருக்க வேண்டும் என்பதற்காக எழுந்தது. அதனால் நெடுங்காலம் அங்கே தொட்டில் இருந்தது, பால் இருந்தது, கட்டை இல்லை. ஆயம்மாக்களைக் குறைசொல்ல முடியாது. பல குழந்தைகளுக்கு ஒருத்தி. யாரும் விழாமல், அழாமல் மாலை வரை காப்பதே அவள் வேலையாக வரையறுக்கப்பட்டிருந்தது. இதே காலத்தில் அருகிலேயே பெரிய சிந்தனை ஒன்று நடந்துகொண்டிருந்தது. மரியா மொண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார், போர் காரணமாகத் திரும்ப முடியாமல் தங்கினார், கொடைக்கானலில் இருந்தார், 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். இலங்கையின் முன்பள்ளிகளில் அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அந்தச் சிந்தனை நகரத்து ஆசிரியைகளைச் சென்றடைந்த அளவுக்குத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவை எட்டவில்லை. தனியார் நிறுவனங்கள் தோட்ட நிர்வாகத்தை ஏற்ற 1990களில் உருவான அமைப்பு, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரில் இயங்குகிறது. அதன் முயற்சியால் பல பிள்ளைக்காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறின, பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் வந்தார்கள். இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் நிலையத்தின் நேரம் இன்றும் தோட்ட வேலை நேரத்தோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. பிறவியில் ஒட்டிக்கொண்ட காவல் வேலையிலிருந்து அது முழுமையாக விடுபட வேண்டும்.

மூன்றாவது மறுப்பு மிகக் கனமானது. தோட்டத்துப் பெற்றோரே சொல்வது. வயிறு நிறையட்டும், பிள்ளை ஐந்தாம் ஆண்டுப் புலமைப் பரிசில் பரீட்சையில் தேறட்டும், அதன் பிறகு விளையாட்டைப் பற்றிப் பேசலாம் என்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் படிப்பு மறுக்கப்பட்ட சமூகம் பரீட்சையைப் பற்றிக்கொள்வதில் தவறில்லை. தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தது 1970களில்தான் என்பதை மறக்கக் கூடாது. பசியும் கற்பனையல்ல. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டத்தில் 31.7 சதவீதம். ஆனால் இதே நிலையிலுள்ள பிள்ளைகளிடம்தான் உலகின் மிக முக்கியமான விளையாட்டு ஆய்வு நடந்தது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986, 1987ஆம் ஆண்டுகளில், 9 முதல் 24 மாத வயதில், வளர்ச்சி குன்றியிருந்த 129 பிள்ளைகளை சாலி கிரந்தம்-மக்ரெகர் குழுவினர் தேர்ந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்குச் சமூக சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை, இரண்டு ஆண்டுகள் போனார். கையில் வீட்டிலேயே செய்த விளையாட்டுப் பொருட்கள். பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டுவதே அவர் பணி. இருபது ஆண்டுக்குப் பிறகு, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனபோது, விளையாட்டுத் துணை கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் உயர்ந்திருந்ததாக 2014இல் முடிவு வெளியானது. இதே ஆய்வில் உணவு மட்டும் கொடுக்கப்பட்ட குழுவில் இவ்வளவு நீண்டகாலப் பலன் காணப்படவில்லை. உணவு வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. உணவுக்குப் பிறகு விளையாட்டு என்ற வரிசைதான் தவறு. இரண்டும் ஒரே வயதில், ஒரே பிள்ளைக்கு, ஒரே நேரத்தில் வேண்டும். பரீட்சையை எண்ணிப் பார்க்கும் பெற்றோருக்கும் இது நம்பிக்கையான செய்திதான். கட்டையை அடுக்கிய கைக்குப் பிறகு எழுத்தும் கணக்கும் இலகுவாக வரும்.

நான்காவது மறுப்பு மலையின் மண்ணிலிருந்தே எழுகிறது. சரிவில் பிள்ளைகளை மண் தோண்டி விளையாட விடுவது ஆபத்து அல்லவா? கொஸ்லந்த மக்களுக்கு இந்தக் கேள்வி நூலில் படித்தது அல்ல. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் மீரியபெத்த லயங்கள் மலைச் சரிவோடு மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். அவர்களில் சிலர் திரும்பி வந்தபோது தாயும் தந்தையும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. அந்தச் சரிவை நிலைகுலையச் செய்தது எந்தப் பிள்ளையின் குச்சியும் அல்ல. எங்கே வீடு கட்டுவது என்ற முடிவில் அங்கே வாழ்ந்தவர்களுக்கு ஒருபோதும் பங்கு இருந்ததில்லை. மண்ணோடு விளையாடக் கூடாது என்று பிள்ளைக்கு அறிவுரை சொல்வதற்கு முன்பு, பாதுகாப்பான சமதளத்தை அதற்குக் கொடுத்தோமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. உயிர் பிழைத்த குடும்பங்கள் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில் நெடுநாள் ஒண்டிக்கொண்டிருந்தன. 2016இல் மக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. அதையொட்டிய ஆண்டுகளில் தோட்டக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற கொள்கையும் வலுப்பெற்றது. வீட்டுப் பிரச்சினையாக மட்டுமே இதைப் பேசுகிறோம். கட்டுமான விளையாட்டின் வரலாற்றிலும் இது ஒரு திருப்பம் என்பதைக் கவனிக்க வேண்டும். துரையின் அனுமதி கேட்காமல் கல்லை நகர்த்தவும் குழி தோண்டவும் கட்டியதை நாளைவரை விட்டுவைக்கவும் இடமுள்ள வாசல், லயத்தில் பிறந்த பிள்ளைக்கு இப்போதுதான் முதன்முதலாகக் கிடைக்கிறது. ஏழு பேர்ச் போதாது என்று தொழிற்சங்கங்கள் வாதிடும்போது, அந்த வாதத்தில் பிள்ளையின் முற்றத்துக்கும் ஒரு வரி இருக்க வேண்டும்.

சான்றுகளை ஒன்றுசேர்த்தால் செய்ய வேண்டியதும் தெளிவாகிறது. குழந்தையின் ஓய்வையும் விளையாட்டையும் உரிமையாக அறிவிக்கும் 31ஆம் உறுப்புரையைக் கொண்ட ஐநா சிறுவர் உரிமைச் சாசனத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அந்த ஏற்பு தோட்டத்தில் எந்த உருவம் எடுக்கும் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். விலையுயர்ந்த வெளிநாட்டுப் பெட்டிகளைத் தானமாக வாங்கி அலுமாரியில் பூட்டிவைப்பது அந்த உருவமாகாது. தேவைப்படுவது தோட்டத்துத் தச்சரிடம் ஒரே அளவில் அறுத்து, தேய்த்து வழவழப்பாக்கிய நூறு மரக்கட்டைகள். மழையிலும் நனையாத ஒரு மூலை. நாளில் ஒரு மணி நேரம். இப்படிக் கட்டு என்று சொல்லாமல் என்ன கட்டுகிறாய் என்று கேட்கப் பழகிய ஓர் உத்தியோகத்தர். அந்த ஒரு மணி நேரம் பெண் பிள்ளைக்கும் கிடைக்கிறதா என்று தனியாகக் கணக்கெடுக்க வேண்டும். மலையகத்தின் பள்ளிக்கூடம், கூலி, குடியுரிமை, காணி எதுவும் தானாக வரவில்லை. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டபோதுதான் வந்தது. விளையாட்டை மட்டும் யாரும் இதுவரை கோரிக்கைப் பட்டியலில் எழுதவில்லை, ஏனென்றால் அது பிள்ளைகள் தாமே பார்த்துக்கொள்வது என்று எண்ணிவிட்டோம். பொருளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். டின்னிலும் பலகையிலும் அதை நிரூபித்துவிட்டார்கள். இடத்தையும் நேரத்தையும் பெரியவர்கள்தான் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். அடுத்த தொழிற்சங்கப் பேச்சுவார்த்தையில் கூலியோடும் வீட்டோடும் சேர்த்து, பிள்ளைக்காம்பராவின் அந்த ஒரு மணி நேரத்தையும் எழுதிவைப்பது தொடக்கமாகட்டும்.